ரிப்போர்ட் முழுக்க 'ஆர்': திட்டு வாங்க வேண்டியது நோயாளி மட்டும்தானா?

1/
மூணு வாரத்துக்கு முன்னாடி அவிநாசிபாளையம் கிளினிக்குக்கு ஒரு அக்கா வந்தாங்க. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு மாசத்துல மூணாவது தடவையா நீர்க்கடுப்பு. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டை மேஜை மேல வச்சுட்டுக் கேட்டாங்க: "ஏனுங்க டாக்டரு, இதுல வரிசையா ஆர் ஆர்-னு போட்டிருக்குதே, அது என்னதுங்க?"

2/
'எஸ்' என்றால் அந்தக் கிருமி அந்த மருந்துக்குச் சாகும். 'ஆர்' என்றால் சாகாது. அவ்வளவுதான்.

அவர் ரிப்போர்ட்டில் இருந்தது ஈ.கோலை. கோட்ரைமாக்சசோல் ஆர். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். செஃபிக்சிம் ஆர். ஊசியாகப் போடும் செஃப்ட்ரையாக்சோனும் ஆர். கீழே ரெண்டு மூணு மருந்துக்கு மட்டும் எஸ்.

3/
நான் வழக்கமா கேக்குற கேள்வியை வழக்கமான குரல்லயே கேட்டேன். "மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிப் போட்டீங்களா? கோர்ஸை பாதியில நிறுத்திட்டீங்களா?"

அந்தக்கா பையிலிருந்து ரெண்டு காலி அட்டையை எடுத்து வச்சாங்க. "எண்ணி எண்ணி முடிச்சனுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தலைவலி மாத்திரை தவிர எதுவும் போட்டதில்லீங்க. எம் மேல என்ன தப்புங்க?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

4/
நான் சொல்ல வருவதை முதல்லயே சொல்லிடறேன்.

ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்குச் சாப்பிடுவதுதான் எதிர்ப்புக் கிருமிக்கு முதல் காரணம். இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஒன்று மட்டுமே காரணம் என்று முப்பது வருஷமா நோயாளியைத் திட்டிட்டு இருக்கோம். சாக்கடை, சாயக்கழிவு, கோழிப்பண்ணை எரு, அதுல இருக்கற செம்பு, துத்தநாகம், குரோமியம் ஆகியவற்றைப் பத்தி வாயே திறக்கறதில்லை. நம்ம திருப்பூர் பக்கம் இருந்துகிட்டு இதைப் பேசாமல் இருக்கவே கூடாது.

5/
முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை ஓரங்கட்டலாம். "ஆன்டிபயாடிக் வந்த பிறகுதான் எதிர்ப்பு வந்தது" என்பது சரியில்லை.

கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருஷமா உறைஞ்சு கிடந்த மண்ணைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். 2011-ல் நேச்சர் இதழில் வந்தது. அந்த மண்ணில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் இவற்றை முறியடிக்கும் மரபணுக்கள் இருந்தன. மனுஷன் மாத்திரை கண்டுபிடிக்காத காலம் அது.

6/
ஏன்னா ஆன்டிபயாடிக் என்பதே பெரும்பாலும் மண்ணில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றை ஒன்று எதிர்க்கச் செய்யும் ஆயுதம். ஆயுதம் இருந்தா கேடயமும் இருக்கும். நாம கேடயத்தை உருவாக்கலை. கேடயம் வச்சிருக்கவன் மட்டும் பிழைக்கிற மாதிரி ஊரை மாத்தி வச்சிருக்கோம். அதுதான் நம்ம தப்பு.

7/
இன்னொண்ணு கவனிச்சீங்களா? 30,000 வருஷ உறைபனி அந்த மரபணுவை அழிக்கலை. பத்திரமா வச்சிருந்தது.

"ஃபிரிட்ஜ்ல வச்சா கிருமி செத்துப்போகும்" என்று நிறையப் பேர் நினைக்கறீங்க. சாகாது. பெரும்பாலான கிருமிகள் வளர்ச்சியை நிறுத்திட்டு உக்காந்திருக்கும். லேப்ல நாங்க கிருமியைப் பல வருஷம் சேமிச்சு வைக்கறதே மைனஸ் 80 டிகிரியில்தான்! லிஸ்டீரியா, யெர்சினியா மாதிரி சில கிருமிகள் 4 டிகிரியிலும் மெதுவா வளரும். ரெண்டு மூணு நாள் ஃபிரிட்ஜ்ல இருந்த கோழிக்கறி வழவழன்னு ஆகுதே, அதுவும் குளிர் தாங்கும் பாக்டீரியாவின் வேலைதான்.

8/
குளிர் தடை இல்லை என்பதற்கு நம்ம நாட்டுப் பெயர் சுமக்கும் ஒரு உதாரணம் இருக்கு. என்டிஎம்-1. 'நியூ டெல்லி' என்பதன் சுருக்கம் அதுக்குள்ள இருக்கு. கடைசிக் கட்டத்தில் நாங்க கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் நொதி. 2008-ல், டெல்லி வந்துபோன இந்திய வம்சாவளி ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டாங்க.

2010-ல் இதன் பரவலைச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் நம்ம சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. 2011-ல் டெல்லியின் தெருவோரத் தேங்கு நீரிலும், இரண்டு குழாய்த் தண்ணீர் மாதிரிகளிலும் அந்த மரபணு கிடைச்சது. நோயாளி உடம்புல இல்லைங்க. தண்ணீர்ல.

9/
அதோட முடியலை. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம். 2013-ல் அங்கே எடுத்த மண்ணை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டாங்க. மொத்தம் 131 எதிர்ப்பு மரபணுக்கள். அதில் என்டிஎம்-1-ம் ஒன்று.

அந்தப் பனி மண்ணுக்கு எந்த மெடிக்கல் ஷாப்காரர் பில் இல்லாம மாத்திரை வித்தார்? பறவை எச்சம், மனுஷக் கழிவு, தண்ணீர் வழியா போயிருக்கணும். எதிர்ப்பு மரபணு மாத்திரை டப்பா வழியா மட்டும் நகர்வதில்லை.

10/
இப்ப உலோகத்துக்கு வருவோம்.

"செம்புக் குடத்துல தண்ணி வச்சா கிருமி சாகும்ல சார்?" சாகும். பெங்களூருவில் செஞ்ச ஆய்வு ஒண்ணுல, செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் உயிரோட இல்லை. பாட்டி சொன்னது சரி.

ஆனால் குடம் வேற, ஆறு வேற. சாகடிக்கும் அளவு உலோகம் ஒரு ராத்திரி இருந்தா கிருமி சாகும். சாகடிக்காத அளவு உலோகம் வருஷக்கணக்கா மண்ணுல இருந்தா? தாங்குறவன் மட்டும் பெருகுவான்.

11/
எப்படித் தாங்குது? ரெண்டு வழி முக்கியம்.

ஒண்ணு, பம்ப். உள்ளே வரும் உலோகத்தை வெளியே இறைச்சுக் கொட்டும் புரதம். சில பம்ப்புகள் உலோகம், ஆன்டிபயாடிக் ரெண்டையும் வெளியே தள்ளும்.

ரெண்டு, காம்போ பேக். நம்மூர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். மூணு பீஸ் ஒரே கவர்ல பேக் ஆகி வருதுல்ல, ஒண்ணு மட்டும் வேணும்னாலும் மூணும் சேர்த்துத்தான் வாங்கணும். பாக்டீரியாவில் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கு. அதுல உலோக எதிர்ப்பும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஒரே கவர்ல இருக்கும். உலோகத்துக்காக அந்தக் கவரை வச்சுக்கிற கிருமி, மருந்து எதிர்ப்பையும் சேர்த்தே வச்சுக்கும். பக்கத்துல இருக்கற வேற இனக் கிருமிக்கும் ஒரு காப்பி கொடுக்கும்.

12/
இது கற்பனை இல்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் கிடைத்த ஒரு பிளாஸ்மிட்டில் டிஎன்21 என்ற துண்டு இருக்கு. அதே துண்டில் பாதரச எதிர்ப்பு, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு, சல்ஃபா மருந்து எதிர்ப்பு. மூணும் ஒரே கவர்!

1993-ல் இன்னொரு ஆய்வு. குரங்குகளுக்குப் பல்லில் பாதரசம் கலந்த அமால்கம் அடைச்சாங்க. ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கலை. வாயிலும் குடலிலும் பாதரசம் தாங்கும் கிருமிகள் கூடின. அவற்றில் பல ஆன்டிபயாடிக்கையும் தாங்கின.

திரும்பப் படிங்க. ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கலை.

13/
இதுல பயமான விஷயம் என்ன தெரியுமா? பல ஆன்டிபயாடிக்குகள் வெயிலிலும் மண்ணிலும் நாளடைவில் உடைஞ்சு போகும். உலோகம் உடையாது. செம்பு செம்பாகவே இருக்கும். பத்து வருஷம் கழிச்சும் அந்த அழுத்தம் அங்கேயே இருக்கும்.

14/
இனி நம்ம ஊர்.

சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1932-ல் ஜெர்மனியில் பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக் ஒரு சிவப்புச் சாயத்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். கிருமி ஏத்தின எலிகள் பிழைச்சுக்கிச்சு. அதுதான் பிரான்டோசில். உலகம் முழுக்கப் பயன்பட்ட முதல் சல்ஃபா மருந்து. ஊசி குத்திக் கை சீழ் பிடிச்சு, கையையே எடுக்கணும் என்ற நிலையில் இருந்த தன் மகளுக்கே அதைக் கொடுத்துக் காப்பாத்தினார். 1939-ல் அவருக்கு நோபல் அறிவிச்சாங்க.

15/
பிரான்டோசில் ஒரு அசோ சாயம். 'அசோ ஃப்ரீ' சர்டிஃபிகேட் என்று எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே அசோ. உடம்புக்குள்ள அது ரெண்டா உடைஞ்சு சல்ஃபா வெளியே வரும்.

அந்த அக்கா ரிப்போர்ட்டில் முதல் வரியில் 'ஆர்' வாங்கிய கோட்ரைமாக்சசோலில் இருப்பதும் சல்ஃபாதான். டிஎன்21 கவரில் பாதரசத்தோட ஒட்டிக்கிட்டு இருப்பதும் சல்ஃபா எதிர்ப்புதான். சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த மருந்தை, உலோகத்தைத் தாங்கும் கிருமி தோற்கடிக்குது.

16/
திருப்பூர்ல இப்ப ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். எல்லா சாயத்திலும் உலோகம் இல்லை. ஆனால் அந்தப் பளிச்சென்ற டர்க்காய்ஸ் நீலத்துக்கு உள்ளே செம்பு இருக்கு. சில அடர் நிறச் சாயங்களிலும் இருக்கு. பட்டன், ஜிப்புக்குப் பூசும் முலாம் தனிக்கதை.

1992-ல் பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். நொய்யல் வழியா வந்த சாயத்தண்ணி தேங்கி, விவசாயிகளே "தண்ணியைத் திறந்து விடாதீங்க" என்று சொல்லும் நிலை வந்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது.

17/
அந்த அடிக்குப் பிறகு நம்மாட்கள் செஞ்சது சாதாரண வேலை இல்லை. கழிவுநீரை வெளியே விடாம, ஆர்ஓ வச்சு, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பையும் தண்ணியையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தறாங்க. இதுக்காகப் பெருமைப்படணும். நானும் பெருமைப்படறேன்.

ஆனால் மூணு விஷயம் பாக்கி இருக்கு. ஒண்ணு, அந்தக் காலத்துல ஆத்துப் படுகையிலும் அணைச் சேற்றிலும் படிஞ்ச உலோகம் தானா எங்கேயும் போகாது. ரெண்டு, சுத்திகரிச்ச பிறகு மிஞ்சும் சேறு. மூணு, மழை பெஞ்ச மறுநாள் ஆத்துல கலர் தண்ணி, நுரை என்று இன்னமும் பேப்பரில் படம் வருதே, அது.

18/
நொய்யலில் சாயம் மட்டும் ஓடலைங்க. வீட்டுச் சாக்கடையும் சேருது. சாக்கடை என்றால் நம்ம குடல் கிருமி, நாம சாப்பிட்ட மாத்திரையின் மிச்சம். உலோகமும் குடல் கிருமியும் மாத்திரை மிச்சமும் ஒரே தண்ணியில். ஒரு மைக்ரோபயாலஜி லேப்ல எதிர்ப்புக் கிருமியை வேணும்னே வளர்க்கச் சொன்னாலும் இதைத்தான் செய்வோம்.

இந்தப் பக்கம் பல்லடம் திரும்பினா பிராய்லர் பண்ணைகள். தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்ப்பாங்க. மனுஷனுக்குக் கடைசி மருந்தான கோலிஸ்டினைக் கூடக் கோழிக்குப் போட்டுட்டு இருந்தாங்க. 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடை செஞ்சது. நல்ல முடிவு. ஐரோப்பாவில் பன்றிக்குட்டிகளுக்கு மருந்து அளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதையே 2022-ல் நிறுத்திட்டாங்க. துத்தநாகம் தாங்கும் கிருமி மெதிசிலினையும் தாங்குவதைப் பண்ணைகளில் பார்த்தது அதுக்கு ஒரு காரணம். நம்ம எரு வண்டி எந்த வயலுக்குப் போகுதுன்னு மட்டும் இன்னும் நாம கேக்கறதில்லை.

19/
"அப்ப ஆலையை மூடணுங்கறீங்களா டாக்டர்?"

இல்லவே இல்லை. 2011-ல் ஆலைகள் நின்னப்ப வேலை இல்லாம ஊருக்குத் திரும்பின குடும்பங்களை நான் மறக்கலை. எங்க கிளினிக்கே பனியன் கம்பெனிச் சம்பளத்துல ஓடுறதுதான்.

அந்த அக்காவுக்கு இந்தக் கிருமி சாயத்தண்ணியிலிருந்து வந்ததுன்னும் நான் சொல்லலை. குடும்பத்துல ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் வந்திருக்கலாம், முதல் ரெண்டு கோர்ஸே அதை வளர்த்திருக்கலாம். ஒரு நோயாளியை வச்சு மூலத்தைச் சொல்ல முடியாது. அதனாலதான் தண்ணியைச் சோதிக்கணும்னு சொல்றேன்.

20/
பாக்டீரியா எல்லாம் வில்லனும் இல்லை. சாயக்கழிவைச் சுத்திகரிப்பதே உயிரியல் தொட்டியில் வாழும் பாக்டீரியாதான். உலோகத்தைப் பிடிச்சு வைக்கும், சாயத்தை உடைக்கும் இனங்களைத் தேடி எடுத்துக் கழிவுல விடலாம் என்ற ஆராய்ச்சி உலகம் முழுக்க நடக்குது. நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. "இது எவ்வளவு உலோகம் தாங்கும்?" என்று பார்க்கும்போதே "எந்தெந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்கும்?" என்றும் பாருங்க. காம்போ பேக்கைக் கையில் வச்சிருக்கற கிருமியை டிரம் டிரம்மா தயாரிச்சு ஊத்திடாதீங்க.

21/
இப்ப நம்ம தொழில்காரங்களுக்கு நேரா ஒரு விஷயம். 'ஆன்டி மைக்ரோபியல் ஃபினிஷ்'.

வேர்வை நாத்தம் வராத டீ-ஷர்ட், சாக்ஸ். இதுல பல பொருட்களில் இருப்பது வெள்ளி நுண்துகள். 2008-ல் அமெரிக்காவில் சாக்ஸை வாங்கித் துவைச்சுப் பார்த்தாங்க. சில பிராண்டுகளில் நாலே துவைப்பில் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் தண்ணியில் போயிருந்தது. அப்ப நாத்தமும் நிக்கலை, வெள்ளியும் சாக்கடையில்.

22/
வெள்ளி எங்களுக்கு மருந்துங்க. தீக்காயத்துக்குப் பூசும் அந்த வெள்ளைக் கிரீம் சில்வர் சல்ஃபாடையசின். ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் சல்ஃபா.

1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காய வார்டில் ஒரு சால்மொனெல்லா பரவியது. காயத்துக்குப் போட்ட வெள்ளி நைட்ரேட்டுக்குச் சாகலை. ஆம்பிசிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் சாகலை. மூணு பேர் இறந்தாங்க. வார்டையே மூடினாங்க. பிறகு பார்த்தா, வெள்ளி எதிர்ப்பும் மருந்து எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில்.

தீக்காயக்காரருக்கு வேண்டியதை சாக்ஸ் நாத்தத்துக்குச் செலவழிக்கணுமா? பையர் கேட்டா செஞ்சுதான் ஆகணும், புரியுது. ஆனால் உள்ளூர்ல விக்கறதுக்கும், தேவையே இல்லாத பனியனுக்கும் ஏன்? வாங்குற நீங்களும் 'கிருமி கொல்லும் பனியன்' என்ற லேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. சோப்பும் வெயிலும் போதும்.

23/
சட்டம் என்ன சொல்லுது? கழிவுநீருக்கு பிஓடி, சிஓடி, டிடிஎஸ், குரோமியம் என்று அளவு இருக்கு. எதிர்ப்பு மரபணு என்று ஒரு வரி கிடையாது.

ஹைதராபாத் பக்கத்துல படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிச்சு வெளியே விட்ட தண்ணியில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது என்று 2007-ல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர் ரத்தத்தில் இருப்பதை விட அதிகம். இதுக்கெல்லாம் வரம்பு வைக்க 2020 ஜனவரியில் வரைவு வந்தது. 2021 ஆகஸ்ட்டில் இறுதி அறிவிக்கை வந்தப்ப அந்த ஆன்டிபயாடிக் வரம்புகளைக் காணோம். நோயாளி அரை அட்டை மாத்திரை வாங்கினா நாம திட்டறோம். இதை யார் திட்டறது?

24/
என் கோரிக்கைகள்:

அ) நொய்யலில் நகரத்துக்கு மேலேயும் கீழேயும் சில இடங்களில் மூணு மாசத்துக்கு ஒருமுறை உலோகத்தையும் எதிர்ப்புக் கிருமியையும் சேர்த்துச் சோதிக்கணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அரசு மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜித் துறையும் கைகோத்தா போதும்.

ஆ) வீட்டுச் சாக்கடையும் ஆஸ்பத்திரிக் கழிவும் சுத்திகரிக்காம ஆத்துல கலக்கக் கூடாது. சாயப்பட்டறை மேல மட்டும் பழி போடறது நியாயமில்லை.

இ) சுத்திகரிப்புச் சேறு எங்கே போகுதுன்னு கணக்கு பொதுவில் வரணும்.

ஈ) டாக்டர்கள், என்னையும் சேர்த்து. மூணாவது தடவை வரும் நீர்க்கடுப்புக்குக் கல்ச்சர் இல்லாம மாத்திரை எழுதாதீங்க. 'ஆர்' வந்தா முதல்ல நோயாளியைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீங்க.

25/
நீங்க செய்ய வேண்டியது:

சளி, சாதா காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீங்க. மிச்ச மாத்திரையைக் கழிப்பறையில் போடாதீங்க. சமைச்சதை ஆறினதும் ஃபிரிட்ஜ்ல வைங்க, எடுத்தா நல்லா கொதிக்க வச்சுச் சாப்பிடுங்க. பச்சைக் கறி வெட்டின பலகையில் தக்காளி வெட்டாதீங்க. குடிநீர் சந்தேகமா இருந்தா காய்ச்சுங்க. செம்புக் குடம் இருந்தா வச்சுக்கங்க, ஆனா காய்ச்சறதுக்குப் பதிலா இல்லை.

26/
2019-ல் உலகம் முழுக்க எதிர்ப்புக் கிருமியால் நேரடியாகவே 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் கணக்கு சொல்லுது. ஒவ்வொருத்தரும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினவங்க இல்லை. பச்சைக் குழந்தைகளும் அதில் உண்டு. அவங்க எந்த மெடிக்கலுக்குப் போனாங்க?

27/
அந்த அக்காவுக்கு 'எஸ்' என்று இருந்த ஒரு மாத்திரையில் சரியாயிடுச்சு. மறுபடி வந்தப்ப, "அன்னைக்கு உங்களைக் கேட்ட விதம் தப்புங்க அக்கா" என்று சொன்னேன். "அதை விடுங்க டாக்டரு, அடுத்த தடவை இந்த மாத்திரையும் ஆர்-னு வந்தா என்னங்க பண்றது?" என்றார்.

அவங்க கேள்விதான் சரியான கேள்வி. இன்னும் ரெண்டு எஸ் மிச்சம் இருக்கும்போதே இதைப் பேசணும்.

(இதுல சொன்ன மருந்துப் பெயரைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, கிளினிக் முடிஞ்சு ராத்திரி பதில் சொல்றேன். சாயப்பட்டறை, பண்ணை வச்சிருக்கற நண்பர்கள் மாற்றுக் கருத்து இருந்தா கண்டிப்பா எழுதுங்க.)